எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயர்

ஜூன் 4, திங்கள்

வகுப்பில் ஒருமுறை ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "சார், பேரோட அர்த்தம் நல்லா இல்லன்னா, பேரை மாத்திக்கலாமா?"

முப்பத்திரண்டு வருட ஆசிரியர் வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைத்தான் நான் அதிகம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். பிரிவுபசார விழாவிலும் சொன்னேன். நான் அவளுக்குக் கொடுத்த பதிலையும் சேர்த்துச் சொன்னேன்: "தாராளமா மாத்தலாம்மா. ஆபிராம் ஆபிரகாம் ஆகலையா? சாராய் சாராள் ஆகலையா? குதிங்காலைப் பிடிச்ச யாக்கோபு இஸ்ரவேல் ஆகலையா? பேரும் சட்டை மாதிரிதான், பத்தலன்னா மாத்திக்கிடணும்." எல்லாரும் கைதட்டினார்கள். கேட்ட பிள்ளை யார் என்று நினைவில்லை.

இதை இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், ஐந்து நாளாக இந்த நோட்டைத் திறக்கவில்லை. எதையாவது எழுதித் தொடங்க வேண்டும்.

என் மகள் திர்சாள் போன புதன்கிழமை, மே 30, பிற்பகல் இரண்டு பத்துக்கு இறந்தாள். காலை ஒன்பதரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ நானூறு கிராம். பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு வயது முப்பது.

இன்று செய்தவை: பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். மருந்துக்கடைக்குப் போனேன். இரத்த அழுத்த மாத்திரையை மறந்து, மாலையில் போட்டேன்.

ஜூன் 5, செவ்வாய்

என் தங்கை சலோமி நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே பாளையங்கோட்டையில் தங்கியிருக்கிறாள். என் மனைவி போய் ஏழு வருடமாகிவிட்டது. சலோமி இல்லாவிட்டால் பிள்ளையை நானும் மருமகன் ஆசேரும் எப்படித் தூக்குவது என்றுகூடத் தெரியாமல் நின்றிருப்போம். சலோமி என்றால் சமாதானம். அவள் வந்த நாள் முதல் பால்காரர், தண்ணீர் லாரிக்காரர், அடுத்த வீட்டு நாய், யாருக்கும் சமாதானம் இல்லை.

எங்கள் சபையில் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் ஞானஸ்நானம். அதுவரை பெயரை வெளியே சொல்லும் வழக்கமில்லை. தொட்டியருகே குருவானவர் "இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்" என்னும்போது, பெயரைத் தெரிந்தெடுத்தவர் சபை கேட்கச் சொல்ல வேண்டும். இருபது வருடமாகப் பெரும்பாலும் அது நான்தான். "எல்கானா சார்ட்ட கேளுங்க, அர்த்தத்தோட சொல்லுவாரு" என்று அனுப்பிவிடுவார்கள்.

ஜூலை 8, ஞாயிறு, நாற்பதாம் நாள்.

ஆசேர் மத்தியானம் கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. "மாமா, அவ உங்கட்ட பேரு ஏதும் சொன்னாளா?" என்று கேட்டார்.

அவள் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்றேன். அது உண்மைதான். முடிவு என்பது எல்லாரும் சேர்ந்து எடுப்பது.

"சரி மாமா. அப்ப நீங்களே சொல்லுங்க" என்றார். என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 8, வெள்ளி

குடும்ப வேதாகமத்தின் முன்பக்கங்களில் பிறப்பு, விவாகம், மரணம் என்று மூன்று தாள்கள் உண்டு. மூன்றாவது தாளில் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது. அதுதான் பிடிக்கவில்லை.

முதல் தாளில் முப்பது வருடத்துக்கு முன் நான் எழுதியது: திர்சாள். பக்கத்தில் சிறிய எழுத்தில் 'பிரியமானவள்'. வேதத்தில் சகோதரர் இல்லாத ஐந்து பெண்களில் கடைசிப் பெண்ணின் பெயர் அது. தகப்பனுடைய சுதந்தரத்தில், அதாவது சொத்தில், எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மோசேக்கு முன்னால் போய் நின்றவர்கள். ஒரே மகளுக்கு ஏற்ற பெயர் என்று நான்கு மாதம் தேடி எடுத்தேன்.

ஒரு சின்னச் செய்தி, இதைக் கவனித்தவர்கள் குறைவு. எபிரெயத்தில் அவள் 'திர்சா' மட்டும்தான். சாரா, அன்னா, தெபொரா என்று 'ஆ'வில் முடிகிற பெண்களுக்கெல்லாம் தமிழில் வேதத்தைக் கொண்டுவந்தவர்கள் ஓர் 'ள்' சேர்த்துவிட்டார்கள். சாராள், அன்னாள், தெபொராள். அந்த 'ள்' நம் ஊர் கொடுத்தது. ராகேலுக்கும் ரூத்துக்கும் அது கிடைக்கவில்லை. நாங்களோ வீட்டில் அந்த 'ள்'ஐ விட்டுவிட்டுத் திர்சா என்றே கூப்பிட்டோம். அப்படியே எபிரெயத்துக்குப் போய்விட்டாள்.

புதுப்பிள்ளைக்கான இடம் காலியாக இருக்கிறது. மருத்துவமனைச் சீட்டில் 'திர்சாளின் பெண் குழந்தை' என்று இருக்கிறது.

ஜூன் 9, சனி

பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பெண் வந்தாள். திர்சாளோடு படித்தவளாம்; அதே மருத்துவமனையில் நர்ஸ். பணி முடிந்து போகும் வழியில் வந்தேன் என்றாள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீரைக் கையால் வாங்கி வாங்கி விட்டாள். பிள்ளை அழவேயில்லை. சலோமிக்குப் பொறாமை.

"எம்மா, எனக்குக் கத்துது, உனக்கு மட்டும் மகாராணி மாதிரி கெடக்கா!"

"நீங்க சண்டைக்குப் போற மாதிரி தண்ணி ஊத்துறீங்க அத்த."

பெயர் கேட்டேன். லில்லி என்றாள். பழக்கம் என்னை விடவில்லை. "லில்லின்னா எபிரெயத்துல சூசன்னாள்மா. லீலிப் பூ. நல்ல அர்த்தமுள்ள பேரு, யாரு வச்சா?" என்றேன்.

"நானே வச்சுக்கிட்டேன் சார்" என்றாள், பிள்ளையின் காதைத் துடைத்துக்கொண்டே.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று சிரித்தேன்.

ஜூன் 13, புதன்

இரண்டு வாரம். துணிகள் காயவில்லை. சாரல்.

ஜூன் 16, சனி

பெயர் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். வீட்டில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. சமீபத்தில் மாற்றலாகி வந்தவர்கள். சலோமி திருப்பி அனுப்பப் பார்த்தாள். நான் உட்காரச் சொன்னேன்.

"ரெண்டெழுத்துல, ஸ்டைலா வேணும் சார்" என்றான் அந்தத் தகப்பன். "நான் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். மாரா. எப்படி சார்?"

"என்னங்க நீங்க, சார்ட்ட கேக்க வந்துட்டு நீங்களே சொல்லிக்கிட்டு" என்று மனைவி அவன் முழங்காலைத் தட்டினாள்.

வழக்கமாக நான் அங்கேயே பாடம் தொடங்கிவிடுவேன். நகோமி என்றால் இனிமை. கணவனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டுத் திரும்பிய அவள், இனி என்னை மாரா, கசப்பு, என்று கூப்பிடுங்கள் என்றாள். ஆனால் ஊரில் ஒருவர்கூட அப்படிக் கூப்பிடவில்லை, கதை முடியும்வரை அவள் நகோமிதான். அந்த ஊர்ப் பெண்கள் அவளுக்குச் செய்த நன்மை அது. இவ்வளவும் நாக்கில் வந்து நின்றது.

"பிள்ளையோட அம்மாவுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பெண் திகைத்தாள். "எனக்கா? என்னை யாரும் கேக்கல சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். சலோமிதான் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

ஜூன் 20, புதன்

பெயர் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அன்னாள், கிருபை. அத்சாள், எஸ்தரின் இன்னொரு பெயர், மிருதுச்செடி. நகோமி. ரோதை, ரோஜா, அது கிரேக்கம்.

தேடும்போதெல்லாம் இரண்டு தாய்மார் குறுக்கே வருகிறார்கள். ஒருத்தி ராகேல். வழியிலே பிரசவித்து, உயிர் பிரியும்போது பிள்ளைக்குப் பெனோனி என்று பெயரிட்டாள்: என் துக்கத்தின் மகன். இன்னொருத்தி பினெகாசின் மனைவி. கணவன் செத்த செய்தி கேட்டுப் பிரசவித்துச் சாகிறவள், பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிட்டாள்: மகிமை போயிற்று. இக்கபோத் என்ற பெயரை யாரும் மாற்றவில்லை. பெனோனியை யாக்கோபு மாற்றினான். பென்யமீன், வலதுகையின் மகன்.

யாக்கோபு செய்தது நல்ல காரியம் என்றுதான் எப்போதும் கற்பித்தேன். துக்கத்தைச் சுமத்தாத தகப்பன் என்று. செத்துக்கொண்டிருந்தவளின் கடைசிச் சொல்லை அழித்தான் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எந்தப் பிள்ளையும் கேட்கவுமில்லை.

பால்காரர் வந்துவிட்டார். நிறுத்துகிறேன்.

ஜூன் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஐயர் என்னை நிறுத்தினார். (எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம்.) பதிவேட்டுக்குப் பெயர் வேண்டும் என்றார். சீட்டில் 'அன்னாள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"கிருபை! அருமையான தேர்வு சார். இந்த நேரத்துல உங்களால மட்டும்தான் இப்படி யோசிக்க முடியும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சலோமி, "அன்னாள்! நல்லாத்தான் இருக்கு. பெத்ததும் கோயில்ல கொண்டுபோய் விட்டவ பேராச்சே. பரவால்ல, வைங்க" என்றாள்.

ஆசேர் பிள்ளையின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்தார். மடித்தார். மடித்ததையே உதறி மறுபடியும் மடித்தார்.

ஜூன் 27, புதன்

நான்கு வாரம். பிள்ளை லில்லியின் கண்ணாடியைப் பிடித்து இழுத்துவிட்டது. பிடித்ததா, கை பட்டதா தெரியாது, விழுந்துவிட்டது. லில்லி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தரையைத் தடவினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாத முகத்தை ஒரு நொடி பார்த்தேன்.

எங்கோ பார்த்த முகம். திர்சாளோடு படித்தவள் என்றால் பார்த்துத்தானே இருப்பேன்.

ஜூன் 29, வெள்ளி

முப்பத்தோராவது நாள். எழுதிவிடுகிறேன்.

மே 29 மாலை, பார்வையாளர் நேரம். திர்சாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் கொண்டுபோன மாதுளை முத்துகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வார்டில் நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். ஆசேர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

"எப்பா, பொண்ணுன்னா நான் பேரு பார்த்து வச்சுட்டேன்."

"அடேயப்பா. சொல்லு, எங்கிட்டயே மறைச்சியா?"

"லேயாள்."

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "எட்டி, என் மகளா நீ? லேயாள்னா என்ன அர்த்தம் தெரியுமா? சோர்ந்து போனவ. புருஷனுக்கு வேண்டாதவ. எவனாவது தேடிப்போய் அந்தப் பேரை வைப்பானா? ராகேலாவது பெண்ணாடு. ஊரே எங்கிட்ட பேரு கேட்டு வருது, என் பேத்திக்கு..."

"எப்பா, நான் அர்த்தத்துக்காக வைக்கல."

"பின்ன எதுக்கு?"

இதை எழுதும்போது யோசிக்கிறேன். 'பின்ன எதுக்கு' என்று கேட்டேன்தான். ஆனால் பதில் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. எடுத்துக்காட்டுகள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். யாபேஸ் சொன்னேன், நாபால் சொன்னேன். மூடன் என்று பெயர் வைத்தால் மூடனாகத்தானே போனான் என்றேன். நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள்.

"போங்கப்பா. உங்களுக்கு எல்லாத்துக்கும் அர்த்தம் தெரியும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மாதுளைக் கிண்ணத்தை நான் எடுத்து வந்தேன். பாதி இருந்தது.

அவள் கண் திறந்திருக்க நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஜூலை 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைசுற்றல் என்று சலோமியிடம் சொன்னேன்.

அலமாரியில் இருக்கும் விளக்கவுரைகள் அனைத்தையும் இறக்கினேன். லேயா: சோர்ந்தவள். ஆனால் எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை. காட்டுப்பசு என்கிறார் ஒருவர். ராகேல் பெண்ணாடு என்றால் அக்காள் பசுவாக இருப்பது பொருத்தம்தானே. பழைய அக்காதிய மொழியோடு ஒப்பிட்டு, எஜமானி என்று பொருள் கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். எஜமானி! இந்தப் புத்தகம் இருபத்தைந்து வருடமாக என் வீட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் பென்சில் கோடுகூட இருக்கிறது. படித்திருக்கிறேன். 'சோர்ந்தவள்'தான் வகுப்பில் சொல்ல வசதியாக இருந்தது.

இன்னொன்றையும் இன்று எண்ணினேன். ஆதியாகமத்தில் லேயாள் அளவுக்குப் பெயர் வைத்தவர்கள் யாருமில்லை. ரூபன், சிமியோன், லேவி, யூதா, காத், ஆசேர், இசக்கார், செபுலோன், தீனாள். ஒன்பது. முதல் பெயர்களில் எல்லாம் அழுகை: இனி என் புருஷன் என்னை நேசிப்பார், இனி என்னோடு சேர்ந்திருப்பார். யூதாவிடம் வரும்போது புருஷனைப் பற்றிய பேச்சே இல்லை, துதி மட்டும். ஆசேரிடம் வரும்போது, நான் பாக்கியவதி என்கிறாள்.

ஆசேர். பாக்கியவான். என் மருமகன் கிணற்றடியில் பால் புட்டி கழுவிக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் லேயாள் வைத்தது.

இவ்வளவு தெரிந்தும் என்ன.

ஜூலை 3, செவ்வாய்

பரணிலிருந்து பள்ளிப் புகைப்படங்களை இறக்கினேன். நான் வேலை பார்த்த பள்ளியில்தான் திர்சாள் படித்தாள்; ஆறாம் வகுப்பில் என் வேதபாட வகுப்பு. ஒவ்வொரு வருடப் படத்தின் பின்னாலும் வரிசைப்படி பெயர் எழுதி வைப்பது என் வழக்கம்.

மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது திர்சாள், இரட்டைச் சடை. ஐந்தாவது, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கும் ஒல்லிப் பிள்ளை. திர்சாளின் கை அவள் தோளில் இருக்கிறது. பின்னால் என் கையெழுத்தில் ஐந்தாவது பெயர்: லேயாள்.

கண்ணாடி இல்லாமல் போன புதன்கிழமை நான் பார்த்தது இந்த முகம்தான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. வந்தது என்று எழுதுகிறேன். எங்கும் போயிருக்கவில்லை என்பதுதான் சரி.

ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வாரம் ஒரு பாடம் நடத்துவேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் அழைத்து அவரவர் பெயருக்கு அர்த்தம் சொல்வேன். தானியேல், தேவன் என் நியாயாதிபதி. ஒரு வணக்கம் போடு. யோனத்தான், கர்த்தர் கொடுத்தார்; வணக்கம் போடு. பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு திருவிழா. என்னைப் பிடித்துப்போவதே அந்த வகுப்பில்தான்.

அன்று அவளையும் அழைத்தேன். அந்த விடுமுறையில்தான் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கயிறு கட்டிய புதுக் கண்ணாடி. லேயாள் என்றால் சோர்ந்தவள் என்றேன். வேதத்தில் அவளுக்குக் கூச்சப்பார்வை என்று எழுதியிருக்கிறது என்றேன். அவள் தோளைப் பிடித்து வகுப்பின் பக்கம் திருப்பினேன். "பாருங்க பிள்ளைகளா, நம்ம லேயாளும் கண்ணாடி போட்டிருக்கா! எவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டு!"

வகுப்பு அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் வணக்கம் போட்டாள்.

மணி அடித்த பிறகு மேசைக்கு வந்து கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் பதினெட்டு வருடமாக மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்று இரவு திர்சாள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவள் தன் இடத்தை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தகப்பன் வகுப்பு என்று செல்லம் கொடுக்கக் கூடாதே என்று, இடம் மாறியதற்கு அவளைக் கண்டித்தேன்.

ஜூலை 4, புதன்

ஆசேரிடம் சொன்னேன். பின்கட்டில், அவர் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது. மே 29 அன்று அவள் பெயர் சொன்னாள், நான் சிரித்தேன், உங்களிடம் மறைத்தேன் என்றேன்.

அவர் பிழிந்துகொண்டிருந்த துணியை விடவில்லை.

"லேயாள்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொன்னா மாமா. அப்பாட்ட சொல்லிட்டேன், சிரிச்சாருன்னா. அழுதா." துணியை வாளியில் போட்டார். "நான் உங்கட்ட கேட்டேன், ஞாபகம் இருக்கா? அஞ்சாம் தேதி. இல்லன்னுட்டீங்க. அதுக்கப்புறம் முப்பது நாளா ஒங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு."

"நீங்களே சொல்லியிருக்கலாமே மாப்ள."

"சொல்லியிருப்பேன். ஞாயித்துக்கிழமை தொட்டிகிட்ட வச்சு, நீங்க அன்னாள்னு சொல்லுதப்போ சொல்லியிருப்பேன். அவ்வளவு கோவம் எனக்கு." பிறகு குரல் உடைந்தது. "நல்லவேளை மாமா. நீங்களே சொல்லிட்டீங்க."

இருவரும் வாளியைத் தூக்கிப்போய்க் கொடியில் போட்டோம். காற்று பலமாக இருந்தது.

எதற்காக அந்தப் பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை. "சிநேகிதி ஒருத்தி பேருன்னா. யாருன்னு சொல்லல" என்றார். நான் புகைப்படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "மாமா, லில்லி அக்காட்ட கேக்காம வைக்கக் கூடாது" என்றார்.

ஜூலை 6, வெள்ளி

நேற்று லில்லி வரவில்லை. நேற்று முழுதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று குளிப்பாட்டி முடித்து, சாம்பிராணிப் புகை காட்டி, துணியில் சுற்றும்போது போய் எதிரே தரையில் உட்கார்ந்தேன். மூட்டு வலியோடு நான் தரையில் உட்கார்வதைப் பார்த்து அவள் பதறினாள்.

"சார், நாற்காலில உக்காருங்க."

"இருக்கட்டும். லேயா" என்றேன்.

அவள் கை நின்றது. சலோமி என்னமோ சொல்ல வாயெடுத்தாள். ஆசேர் அவளை அடுப்படிக்குக் கூட்டிப் போய்விட்டார்.

என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு நான் உன்னை முன்னால கூப்பிட்டிருக்கக் கூடாதும்மா" என்றேன். "சிரிச்சிருக்கக் கூடாது."

"பத்தாம் வகுப்பு வரைக்கும் கூச்சின்னுதான் கூப்பிட்டாங்க சார். கூச்சப்பார்வைங்கிறது நீளமா இருக்குல்லா." கோபமாகச் சொல்லவில்லை. வெப்பநிலை சொல்வதுபோலச் சொன்னாள். "பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டுக்கு முன்னாடி மாத்திக்கிட்டேன். நீங்கதான மாத்தலாம்னு சொன்னீங்க."

நான் தலையை அசைத்தேன்.

"எங்க வீட்டுலயே எல்லாரும் லில்லிக்கு மாறிட்டாங்க. திர்சா மட்டும் மாறவே இல்ல. கடைத்தெருவுல பார்த்தாக்கூட 'ஏ லேயா'ன்னு கத்துவா. முதல்ல சண்டை போட்டேன். அப்புறம், அவ கூப்பிட்டா அந்தப் பேரு நல்லா இருக்கிற மாதிரி தோண ஆரம்பிச்சிருச்சு." பிள்ளையின் நெற்றியில் படிந்திருந்த பயத்தமாவைத் துடைத்தாள். "இப்ப அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்ல சார்."

பிள்ளை கொட்டாவி விட்டது.

"அவ எங்கிட்ட கேட்டா, பொண்ணுன்னா உன் பேரை வைக்கட்டுமான்னு. வேண்டாம்னேன். நானே வேண்டாம்னு போட்ட பேருன்னேன். சிரிச்சா. முப்பதாம் தேதி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போகும்போது கையைப் பிடிச்சுட்டுப் போனது நான்தான். அப்பவும் அதே பேச்சு. 'எங்கப்பா சிரிச்சாரு லேயா. ஆனா வைப்பாரு பாரு. மெதுவா யோசிச்சு வைப்பாரு. வாத்தியார்லா' அப்படின்னா."

இதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். என் மகள் என்மேல் நம்பிக்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் ஐயரிடம் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன், துண்டுக்குள்ளிருந்து.

பிள்ளையைத் துணியில் சுற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"வைங்க சார். ஆனா ஒண்ணு. யாரு அர்த்தம் கேட்டாலும் சொல்லக் கூடாது. பசு, எஜமானி, ஒண்ணும் வேண்டாம். நானும் எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டேன். அர்த்தமே சொல்லக் கூடாது."

"பின்ன என்ன சொல்ல?"

இந்த முறை பதில் வரும்வரை காத்திருந்தேன்.

"யாரோட பேருன்னு சொல்லுங்க."

ஜூலை 7, சனி

ஐயரிடம் போய்ச் சீட்டை மாற்றிக் கொடுத்தேன். "லேயாளா சார்? நல்லா யோசிச்சுத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் லில்லி என்று எழுதச் சொன்னேன்.

சலோமி மட்டும் புலம்பிக்கொண்டிருக்கிறாள். "ஊருக்கெல்லாம் தேனா வழியுற பேரு. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு லேயாள். கேட்டா அண்ணனும் மருமகனும் சேர்ந்து மொறைக்கிய." பிறகு பிள்ளையிடம் குனிந்து, யாரும் கேட்கவில்லை என்று நினைத்து, "ஏட்டி லேயா, பால் குடிக்கியா?" என்றாள்.

வெள்ளை உடுப்பைத் தேய்த்து வைத்தேன். திர்சாள் ஏழாம் மாதத்தில் தைத்தது. ஒரு பொத்தான் தைக்காமல் விட்டிருந்தாள். ஆசேர் தைத்தார்.

ஜூலை 8, ஞாயிறு

நாற்பதாம் நாள்.

லில்லி பிள்ளையை ஏந்தியிருந்தாள். ஆசேர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். திர்சாள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டு நின்றோம். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, அப்படித்தான் நின்றோம்.

"இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்" என்றார் ஐயர்.

என் குரல் கோயிலில் பேசும் குரலாக இல்லை. வருகைப்பதிவேடு வாசிக்கும் குரல். முப்பத்திரண்டு வருடம் அதைத்தானே செய்தேன்.

"லேயாள்!"

பக்கத்தில் லில்லியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் எழுந்து சொல்லும் இரண்டு சொல் அளவுக்குத்தான் அசைந்தது.

தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டது.

வெளியே வந்ததும் வழக்கம்போலக் கூட்டம் என்னைச் சூழ்ந்தது. மாரா கேட்ட அந்தத் தம்பதியும் இருந்தார்கள். "சார், லேயாள்னா என்ன அர்த்தம்?" என்று முதலில் கேட்டது அந்தத் தகப்பன்தான்.

மரத்தடியில் லில்லி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதோ, பிள்ளையை வச்சிருக்காளே, அவ பேரு" என்றேன்.

"அதில்ல சார், அர்த்தம்..."

"அவதான்."

அவனுக்குப் புரியவில்லை. அவன் மனைவி மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 9, திங்கள்

வேதாகமத்தின் முதல் தாளில் எழுதினேன். லேயாள், மே 30. பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன்.

காலையில் மாதுளை வாங்கி வந்தேன். உரித்து, முத்துகளைக் கிண்ணத்தில் போட்டு, முழுவதும் தின்னும்வரை மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். சலோமி இரண்டு முறை கூப்பிட்டாள். போகவில்லை.

இந்த நோட்டை என்றாவது யாராவது படிக்கலாம். வாத்தியார் நோட்டு, வீட்டுப்பாடம் இல்லாமல் முடியாது. ஒன்றே ஒன்றுதான். நாளை ஒருவர் உங்களிடம் தம் பெயரைச் சொன்னால், "யார் வைத்தது?" என்று கேளுங்கள். அவர் பதிலை முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.